அம்மா கேரம் ஆடிய மாலை

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு வீடியோ கேசட் கடை இருந்தது. கேசட்டுக்கு மவுசு போனதும் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டார். பிறகு ஒரு அக்கா அந்த இடத்தை வாடகைக்கு எடுத்தார். எதையும் விற்கவில்லை. இரண்டு கேரம் போர்டு, கம்பி அறுந்த ஒரு கிடார், சில பிளாஸ்டிக் நாற்காலிகள், அவ்வளவுதான். இளவட்டங்கள் யார் வேண்டுமானாலும் வரலாம், உட்காரலாம், போகலாம் என்றார். காசு வாங்காமல் ஒருவர் உட்காரச் சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது என்று தெரு உடனே முடிவு கட்டியது.

அம்மாவின் தம்பி, என் மாமா, பியூசியில், அதாவது பிளஸ் டூவில், கணக்கைக் கோட்டைவிட்டு எங்கள் வீட்டில் தங்கி டியூஷன் போய்க்கொண்டிருந்தார். டியூஷன் அந்த ஷட்டருக்குள்தான் நடக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரம்மா ஒருநாள் போட்டுக்கொடுத்தார். நாலு பெண்கள் போய்ச் சொன்னால் கட்டட ஓனரே காலி செய்ய வைப்பார், நீ முதலில் கண்ணால் பார்த்துவிட்டு வா என்றும் தூண்டிவிட்டார். மாவு அரைத்துக்கொண்டிருந்த அம்மா கிரைண்டரை நிறுத்தினாள், என் கையைப் பிடித்தாள், கிளம்பினாள். மாமா அடிவாங்குவதைப் பார்க்கும் ஆசையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

உள்ளே மாமா போர்டின் மேல் கவிழ்ந்திருந்தார்.

“எழுந்திருடா.”

“ஒரே நிமிஷம்க்கா. ரெட்டு மட்டும்…”

அந்த அக்கா எழுந்து வந்து, “வாங்க, உக்காருங்க” என்றார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. போர்டைப் பார்த்தாள்.

“இப்படி அடிச்சா அது எப்படிடா விழும்? தள்ளு.”

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்ட்ரைக்கர் போர்டின் எதிர்ச்சட்டத்தில் மோதித் திரும்பி அந்தச் சிவப்புக் காயைக் குழிக்குள் தள்ளியது. “சூப்பர் அக்கா!” என்று கன்னடப் பையன் ஒருவன் துள்ளிக் குதித்தான். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆட்டம் ஒன்று நாலானது. தேடிக்கொண்டு வந்த அப்பா வாசலில் நின்று தயங்கி, “ராத்திரிக்கு என்ன?” என்றார்.

“இருங்க, ரெட்டு விழுந்துடுச்சு, ஃபாலோவா இன்னொரு காய் போடணும்” என்றாள் அம்மா, தலையைத் திருப்பாமல். அப்பா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரம்மா விசாரித்தபோது, “நானுந்தான் போய் உக்காந்தேன். கெட்டா பூட்டேன்? சாயங்காலம் உன் பொண்ணையும் கூட்டிட்டு வா” என்றாள் அம்மா. அந்தப் பெண் வந்தாள். அவள் இன்னும் இரண்டு பேரை அழைத்து வந்தாள். ஓனரிடம் யாரும் போகவில்லை. இன்று அந்த இடத்துக்கு ஒரு மாடியும், பெண்களுக்கென்று தனி நேரமும் இருக்கின்றன. மாமா மட்டும் அந்த வருடமும் கணக்கில் தவறினார். அதற்கு அந்த இடத்தைக் குறை சொல்ல முடியாது.

முதல்நாள் வீடு திரும்பும்போது அம்மா தெருவில் என்னோடு பந்தயம் கட்டி ஓடினாள். அம்மாக்கள் ஓடலாமா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. மாமாவைவிட அவள் ஐந்து வயதுதான் மூத்தவள், அந்தக் கதவு அவள் வயதுக்காரர்களுக்காகவும்தான் திறந்திருந்தது என்பதெல்லாம் ஏழு வயதில் எனக்கு எப்படித் தெரியும்?