ஏரிப் பூட்டின் சாவி

நீங்கள் மந்திரி பதவிக்குத் தகுதியில்லாதவர். இந்தக் கடிதத்தில் நேராகவே சொல்கிறேன்.

நேற்று எங்கள் ஊரான குடிபாலாவில் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தீர்கள். பேசும்போது சாவிக்கொத்தை விரலில் சுழற்றினீர்கள். அந்தச் சத்தத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

எனக்கு ஒன்பது வயதில் நீங்கள் ஊர் பிரெசிடென்ட். யாரும் தண்ணீர் திருடக்கூடாது என்று ஏரி மதகின் ஷட்டருக்குப் பூட்டுப் போட்டு, சாவியை நீங்களே வைத்திருந்தீர்கள். ஐந்து நாள் மழையில் ஏரி ததும்பியது. ஷட்டரைத் திறந்தால் உங்கள் கரும்பு மூழ்கும். திறக்காவிட்டால் கரை உடைந்து எங்கள் தெரு போகும். என் அப்பா, எங்கள் நைனா, என் கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு ஓடினார்.

“சாவி குடும்மா! கரை கரைஞ்சிக்கினு போவுது!”

“அவரு திருப்பதி போய்க்கிறாரு. சாவி அவராண்ட கீது,” என்றார் உங்கள் மனைவி, ஜன்னல் வழியாக.

வாசலில் உங்கள் செருப்பு ஈரமாகக் கிடந்தது. உள்ளே சாவிக்கொத்து குலுங்கி, சட்டென்று நின்றது.

“நைனா, உள்ளதான் கீறாரு.”

“வாய மூடுடி,” என்று நைனா என்னை இழுத்துக்கொண்டு ஏரிக்கு ஓடினார்.

கடப்பாரையால் பூட்டை உடைப்பதற்குள் நாலு வீடு போய்விட்டது. பூட்டை உடைத்ததற்காக நைனா மேல் கேஸ் போட்டீர்கள்.

இப்போது உங்களை ஜெயிக்கவைத்து, நீர்ப்பாசன மந்திரியாக்கி, மாநிலத்து ஏரிகளையெல்லாம் உங்கள் கையில் கொடுக்கச் சொல்கிறார்கள் உங்கள் கட்சிக்காரர்கள். வெளியே வானம் கறுத்திருக்கிறது. எங்கள் தெரு இன்னும் கரைக்குக் கீழேதான் இருக்கிறது.

நாளை உங்கள் பிரசாரக் கூட்டத்தில், மைக்கில், எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: அன்று நீங்கள் வீட்டுக்குள் இருந்தீர்களா, இல்லையா?