கீபோர்டில் இல்லாத சுருதி

பெரிய வெள்ளிக்கிழமையன்று எங்கள் கோயிலில் வாத்தியம் கிடையாது. கீபோர்டுக்கு உறை போட்டுவிடுவார்கள். பாட்டெல்லாம் வெறும் வாயால்தான். அப்படிப் பாடும்போது எந்தக் குழுவும் தொடங்கிய சுருதியில் முடிப்பதில்லை. நாலு சரணம் போவதற்குள் எல்லாருமாகச் சேர்ந்து கொஞ்சம் கீழே இறங்கியிருப்பார்கள். பாடுகிறவர்களுக்கு அது தெரியவும் தெரியாது.

ஆஸ்டின் டவுனில் எங்கள் குழு மட்டும் இறங்காது. குழுவை நடத்திய டிரேவர் அங்கிளுக்கு அதில் அப்படியொரு பெருமை. டெலிபோன் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன சுருதி விசில் இருக்கும். பாட்டு முடிந்ததும் அதை ஊதிக் காட்டி, "பாத்தீங்களா, எறங்கல" என்பார். அது துல்லியமாகப் பொருந்தாது, நாங்கள் ஒரு இழை மேலே ஏறியிருப்போம். ஏறினால் யார் குறை சொல்லப்போகிறார்கள்?

நான் அந்தக் குழுவில் கட்டைக் குரல் பாடுகிறவன். டீனா எனக்கு முன்வரிசையில் நிற்பாள். அவள் அப்பா பெர்னார்ட் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர். அக்கா கேரல் ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிறாள். டீனா பி.காம். முடித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்துவிட்டு, திடீரென்று ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் சங்கீதத்தில் பிஎச்.டி. சேர்ந்தாள்.

"அங்க என்ன பாட்டும்மா சொல்லித் தருவாங்க?" என்று பெர்னார்ட் கேட்டாராம்.

"பாட மாட்டாங்கப்பா. பாட்டை அளப்பாங்க."

வாத்தியம் இல்லாமல் பாடும் குழுக்கள் ஏன் இறங்குகின்றன, எவ்வளவு இறங்குகின்றன என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட விஷயம். சிவாஜிநகரில் ஒரு புராட்டஸ்டண்ட் சபை, ஸ்ரீராம்புரத்தில் ஒரு சின்ன ஜெபக்கூடம், ஒரு பெண்கள் கல்லூரி என்று ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். எல்லாரையும் ஒரே கீர்த்தனையை ஒரே சுருதியில் தொடங்கச் சொல்லி, தான் ஒரு மூலையில் உட்கார்ந்து பதிவு செய்தாள். கடைசியில் எங்களையும் பதிவு செய்தாள்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது ஒரு குழுகூட இறங்கியிருக்கவில்லை. எல்லாம் ஏறியிருந்தன. ஏறி, எல்லாம் ஒரே இடத்தில் போய் நின்றிருந்தன. கீபோர்டில் ஒரு வெள்ளைக் கட்டைக்கும் அடுத்த கறுப்புக் கட்டைக்கும் நடுவே இருக்கிற இடம் அது. அதற்கென்று ஒரு கட்டை கிடையாது. ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத ஜனங்கள், அந்த இல்லாத கட்டையில் வந்து கூடியிருந்தார்கள்.

ரெக்கார்டரில்தான் கோளாறு என்று நினைத்து வேறொன்று வாங்கி மறுபடி எல்லாரிடமும் போனாள். அதே இடம்தான்.

அவளுடைய வழிகாட்டி ஆராவமுதன், மல்லேஸ்வரத்துக்காரர், ஒலியியல் படித்தவர். பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இத்தனை எடத்துலயும் பொதுவா இருந்தது என்னம்மா?"

"பாட்டு சார்."

"இந்தப் பாட்டை ஊர் உலகமே பாடறது, எறங்கறது. வேற?"

டீனா யோசித்தாள்.

"நீ இருந்தே" என்றார்.

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். சுருதி பிசகும்போது டீனா முகம் சுளிப்பாளாக இருக்கும், பாடுகிறவர்கள் அதைப் பார்த்துத் தங்களையறியாமல் திருத்திக்கொள்வார்கள் என்பது அவர் எண்ணம். சோதித்துப் பார்க்க, அடுத்தமுறை அவள் போகாமல், அவளுக்கு ஒரு வருஷம் பின்னால் சேர்ந்த ஷெர்வினை அனுப்பினார். கல்லூரிப் பெண்கள் புத்தகத்தில் எழுதியிருப்பதுபோல அழகாக இறங்கினார்கள்.

அதற்கப்புறம் ஷெர்வின் எங்களிடம் வந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூசை முடிந்து கோயில் காலியாக இருந்தது. "டீனாக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல. நான்தான் பதிவு பண்ணப்போறேன்" என்றான். அது பொய் என்று எங்களுக்குத் தெரியாது. டிரேவர் அங்கிள் விசில் ஊதினார். தொடங்கினோம்.

முதல் சரணம் சாதாரணமாகத்தான் போயிற்று. இரண்டாவதில் என் தொண்டை நகர்ந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கூட்டமான பஸ்ஸில் யாரோ தோளால் மெல்ல ஒதுக்கினால் நாம் நகர்ந்து கொடுப்போமே, அப்படி. நான் மறுபடி பழைய இடத்துக்கு வரப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்தில் பாடியவர் என்னைப் பார்த்தார். அவருக்கும் அது நடந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு பெண் பாடுவதை நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் காலி பெஞ்சுகள்தான்.

முடித்ததும் டிரேவர் அங்கிள் விசிலை ஊதிச் சிரித்தார். "எறங்கல."

ஷெர்வின் போய், சாமியார் உடை மாற்றும் அறையின் கதவைத் திறந்தான். உள்ளே நாற்காலியில் டீனா உட்கார்ந்திருந்தாள். முழுநேரமும் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்திருக்கிறாள். கன்னத்தில் விரல் தடம் இருந்தது.

ஆராவமுதன் அவளைக் காது பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே டாக்டர் வீணா. சுவரெல்லாம் பஞ்சு முளைத்த, வெளிச்சத்தம் நுழையாத அறை. காதுக்குள் ஒரு சின்ன மைக்கைச் செருகினார்கள். திரையில் ஒரு கோடு நேராக எழுந்து நின்றது.

"ஃபோன் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"வெளிய குடுத்துட்டேன் மேடம்."

வீணா மைக்கை மாற்றினார். கோடு அப்படியே இருந்தது. ஒலிபெருக்கியைத் திருகியதும், கண்ணாடி டம்ளரின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தது போல ஒரு மெல்லிய நாதம் அறையில் நின்றது.

"இது எப்பவும் கேக்கறதுதானே மேடம்" என்றாள் டீனா. "வீட்டுல, பஸ்ல எல்லாம்."

வீணா ஒலிபெருக்கியைத் தணித்தார். "எங்களுக்குக் கேக்காதும்மா. இது வெளியிலேர்ந்து உங்க காதுக்குப் போற சத்தம் இல்ல. உங்க காதுலேர்ந்து வெளிய வர்ற சத்தம்."

அது வியாதி இல்லை என்றும் விளக்கினாராம். நிறையப் பேருடைய காது இப்படி லேசாக ஒலிக்கும். மைக் வைத்தால்தான் தெரியும். டீனாவின் காது கொஞ்சம் பலமாக ஒலிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இது ஒரு முழம் தள்ளி இருக்கிறவருக்குக்கூடக் கேட்காது, கதவைத் தாண்டி ஒரு கூட்டத்துக்குக் கேட்க வழியே இல்லை. இதை வீணா இரண்டு தடவை சொன்னார். பிறகு அந்த நாதத்தின் சுருதியை அளந்தார். ஸ்தாயிதான் மேலே, மற்றபடி அதே இல்லாத கட்டை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்திருந்த கேரல் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். டீனா தயங்கித் தயங்கிச் சொன்னாள். கேரல் கை நிற்கவில்லை.

"அதுவா. சின்னதுல ஒரே கட்டில்ல படுப்போமே, எனக்குக் கேக்கும். கொசுன்னு நெனச்சு உன் காதுல அடிச்சிருக்கேன்."

"ஏன்டி சொல்லல?"

"எல்லாருக்கும் வரும்னு நெனச்சேன். கல்யாணம் ஆகி அவர் பக்கத்துல படுத்தப்பதான் தெரிஞ்சுது, வராதுன்னு." கேரல் பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள். "அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல. நீ செத்துட்டேன்னு தோணிட்டே இருந்துச்சு."

சாதாரணமாக எல்லா வீட்டிலும் இருக்கிற ஒரு தலைவலி மாத்திரை, கூடுதலாகச் சாப்பிட்டால் இந்த ஒலியைத் தற்காலிகமாக நிறுத்தும் என்று வீணாவுக்குத் தெரிந்திருந்தது. தன் மேற்பார்வையில் சில நாள் கொடுத்தார். ஒருநாள் காலையில் டீனா பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அது நின்றது.

"வீடு பெருசாயிடுச்சு அண்ணா" என்று பிறகு என்னிடம் சொன்னாள். "பொறந்ததுலேர்ந்து கூடவே இருந்தவங்க யாரோ எழுந்து வெளிய போன மாதிரி. வாசக்கதவு தொறந்திருக்கான்னு போய்ப் பாத்தேன்."

பாட வாயைத் திறந்தால் குரலை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த நிலையில்தான் எங்களைக் கடைசியாகப் பதிவு செய்ய வந்தாள். எங்கள் கண்ணெதிரே, டிரேவர் அங்கிளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பாடி முடித்தோம். அவர் விசிலை ஊதினார். எங்கள் சுருதிக்கும் விசிலுக்கும் இடையே ஒரு மாடிப்படி வித்தியாசம். நாங்கள் இறங்கியிருந்தோம்.

அவர் மறுபடி ஊதவில்லை. டீனா அவரைத் தனியாக உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், கேட்டது.

"நீ வர்றதுக்கு முன்னாடி நாங்களும் எறங்கிட்டுத்தான் இருந்தோம்" என்றார் அவர். "அப்புறம் நின்னுடுச்சு. நான்தான் சரி பண்ணேன்னு நெனச்சுக்கிட்டேன்."

"அங்கிள், இதுக்குக் காரணம் இன்னும் யாருக்கும் தெரியல."

"தெரிஞ்சா என்ன, தெரியலன்னா என்ன." விசிலைப் பையில் போட்டுக்கொண்டார். கோபமே இல்லாமல்தான் சொன்னார்: "இனிமே கொயருக்கு வர வேணாம்மா. எறங்கினாலும் பரவால்ல, எங்களுக்கு எங்க குரல் வேணும்."

அவள் சரி என்றாள். அதற்கப்புறம் பாட்டுப் பூசைக்கே அவள் வரவில்லை. விடியற்காலையில் பாட்டில்லாத பூசைக்கு வந்து கடைசிப் பெஞ்சில் இருந்துவிட்டுப் போவாள்.

மாத்திரையை நிறுத்தியதும் ஒலி திரும்பி வந்தது. ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. கொஞ்சம் கீழே வந்து உட்கார்ந்தது. ஏன் என்று வீணாவுக்கும் தெரியவில்லை. டீனாவுக்குப் பழகச் சில மாதங்கள் ஆயிற்று. முன்பே கேட்டது போலவும் இருக்கும், வேறு யாரோ போலவும் இருக்கும் என்றாள்.

ஆராய்ச்சியை விட்டுவிடலாமா என்று ஆராவமுதனிடம் கேட்டாளாம். "அளந்ததை எழுது. காரணம் தெரியலேன்னா தெரியலேன்னு எழுது. அதுக்கும் பட்டம் தருவா" என்றார் அவர். தந்தார்கள். வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் நடுவில் நிறுத்தி, தயவுசெய்து முனகாமல் பதில் சொல்லுங்கள் என்றாராம். அவள் முனகவில்லை. ஆராவமுதன் தலை குனிந்து ஏதோ எழுதுவதுபோல இருந்துவிட்டாராம். இப்போது ஒரு கல்லூரியில் வேலை. எழுத்துப் பாடம் மட்டும் எடுக்கிறாள். பிள்ளைகள் பாடுகிற வகுப்பைக் கேட்டு வாங்குவதில்லை.

போன மழைக்காலத்தில் டிரேவர் அங்கிள் போய்விட்டார். கல்லறையில் குழி பக்கத்தில் குடையோடு நின்று பாடினோம். விசில் ஊத ஆள் இல்லாததால் ஒருத்தி குத்துமதிப்பாகத் தொடங்கினாள். இரண்டாவது சரணத்தில் என் தொண்டை நகர்ந்தது. இந்தத் தடவை மேலே இல்லை. நிதானமாக, பலவந்தம் இல்லாமல், கீழே ஒரு இடத்துக்கு எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது. மழைச் சத்தத்திலும் எல்லாக் குரலும் ஒன்றாக நின்றன. அவ்வளவு நன்றாக நாங்கள் பாடியதே இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் குழியில் நிறைந்துகொண்டிருந்த செந்தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பாடினேன்.

முடிந்ததும் மற்றவர்கள் அவசரமாகக் கலைந்தார்கள். நான் கேட்டுக்கு நடந்தேன். வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், பூக்கடையின் தார்ப்பாய்க்குக் கீழே டீனா நின்றிருந்தாள். கையில் ஒரு மாலை.

"உள்ள வந்திருக்கலாமேம்மா."

"அவர் வேணாம்னு சொன்னாரே அண்ணா." மாலையை என்னிடம் கொடுத்தாள். "நீங்களே போட்டுடுங்க. இங்கேர்ந்து ஒண்ணும் ஆகாதுன்னுதான் இவ்ளோ தள்ளி நின்னேன்."

நான் மாலையை வாங்கிக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கல்லறைச் சுவரைப் பார்த்தாள்.

"ஆச்சா?" என்றாள்.

"ஆச்சு."

தலையில் துப்பட்டாவை இழுத்துக் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, மழையில் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். நான் மாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.