குமரேசன் அண்ணன் லைன் ஏன் அடிக்கடி போனது

1. உறைந்த முகம்

குமரேசன் அண்ணனுடைய இணைய இணைப்பு, நான் கேள்வி கேட்கும்போது மட்டும்தான் கெட்டுப்போகும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மொழி மையத்தில் பதினெட்டு ஆண்டுகள் ஜப்பானிய மொழி கற்பித்தேன். கடைசிச் சில ஆண்டுகள் எல்லாம் ஆன்லைன். குமரேசன் அண்ணன் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் மெஷின் டெக்னீஷியன். வயது நாற்பத்தெட்டு. ஜப்பானில் ஓராண்டுப் பயிற்சிக்கு ஒரே ஓர் ஆளை அனுப்பப் போகிறார்கள். போய் வந்தால் சூப்பர்வைசர். நேர்முகத் தேர்வு ஜப்பானிய மொழியில், வீடியோவில். அதற்காகத்தான் சேர்ந்தார்.

மற்ற மாணவர்களுக்கெல்லாம் இருபது வயது. அனிமே பார்த்தே பாதி மொழியை விழுங்கிவிட்டு வந்த கும்பல்.

"அண்ணே, நேத்து என்ன சாப்பிட்டீங்க? ஜப்பானிய மொழியில சொல்லுங்க."

திரையில் அவர் முகம் வாயைப் பாதி திறந்தபடி உறைந்தது. மூன்று வாரம் பரிதாபப்பட்டேன். நான்காவது வாரம்தான் கவனித்தேன். முகம் அசையவில்லை, பின்னால் ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணே, லைன் போனா படத்துல ஃபேனும் நிக்கணும்லா."

உறைந்த முகம் மெல்லக் கண் சிமிட்டியது.

2. அரண்மனை மனைவி

ஆனால் வீட்டுப்பாடம் பிரமாதம். 'என் குடும்பம்' கட்டுரையில் தன் மனைவியை மகாராணிக்குரிய மரியாதையோடு வர்ணித்திருந்தார். எந்த ஜப்பானியரும் வெளியாரிடம் சொந்த மனைவியை அப்படிச் சொல்ல மாட்டார். வகுப்பு முடிந்ததும் அவரை மட்டும் இருக்கச் சொன்னேன்.

"எந்த ஆப்ல போட்டு எடுத்தீங்க?"

"தமிழ்ல போட்டா அதுவே மாத்திக் குடுத்துருது டீச்சர். வீட்ல பாத்துட்டா பிரச்சினைன்னு கொஞ்சம் மரியாதையா போட்டேன். அது ஓவரா போயிருச்சு."

"அப்ப இன்டர்வியூக்கு அந்த ஆப்பையே அனுப்பிருவோமா?"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எழுதினா தப்பு தெரியாது டீச்சர். வாயத் தொறந்தா அந்தப் பிள்ளைங்க முன்னுக்கு மானம் போயிரும். ஃபேக்டரில நான் வேல சொல்லிக் குடுத்த ரெண்டு பேரு இப்ப எனக்கே சூப்பர்வைசர்."

என் நக்கல் அங்கேயே செத்தது.

அதன் பிறகு வகுப்பில் அவரைக் கேள்வி கேட்பதை நிறுத்தினேன். தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஜப்பானிய மொழியில் முப்பது வினாடி வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொன்னேன். கேட்பது நான் ஒருத்திதான். ஒரே நிபந்தனை: அழித்துவிட்டுத் திரும்பப் பேசக் கூடாது. முதல் மெசேஜில் இருந்தது மெஷின் சத்தமும், 'ஐயையோ' என்பதற்கு மலாயில் சொல்லும் இரண்டு "அலாமாக்"கும்தான். இரண்டு மாதத்தில், எந்த பெல்ட் அறுந்தது, எந்த நட்டு லூசானது என்று தப்பும் தவறுமாகச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

3. மூன்று தடவை

தேர்வன்று மாலை போன் வந்தது.

"டீச்சர், அந்த மேனேஜர் பேசினது ஒண்ணுமே புரியல. அவ்வளவு ஃபாஸ்ட்!"

"அப்படியே உறைஞ்சிட்டீங்களா?"

"இல்ல. 'புரியல, மெதுவா சொல்லுங்க'ன்னு ஜப்பானிய மொழியிலயே கேட்டேன். மூணு தடவ கேட்டேன். மூணாவது தடவ அவரே சிரிச்சிட்டாரு. 'எல்லாரும் புரியாமலே ஆமா ஆமான்னு தலையாட்டுவாங்க. மெஷின் கெட்டுப்போன பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரியும்'னாரு."

தேர்வானது குமரேசன் அண்ணன்தான்.

'புரியல, மெதுவா சொல்லுங்க' என்ற அந்த வாக்கியம் என் ஸ்லைடுகளில் ஒன்பதாம் பாடத்தில் கிடந்தது. முதல் எட்டுப் பாடங்களைப் பூனை மேசைக்குக் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்பதிலேயே ஓட்டியிருந்தேன். மறு வாரமே அதை முதல் பாடமாக்கினேன். மையத்தின் முதலாளி பதறினார்.

"டீச்சர், முதல் நாளே 'புரியல'ன்னு சொல்லிக் குடுத்தா நம்ம பேரு என்ன ஆகும்?"

"நல்லாத்தான் ஆகும் பாஸ்."

ஆன்லைனில் பாடம் நடத்த வரும் இளையவர்களே, எல்லாச் சதுரங்களிலும் தலைகள் ஆடினால் பூரித்துப்போகாதீர்கள். யாராவது ஒருவர் 'புரியல' என்று வாய் திறக்கும்வரை நீங்கள் திரையோடுதான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.