எட்டாம் வகுப்பில் தொடங்கும் பட்டியல்

இணையப் பக்கங்களை எப்படி வடிவமைப்பது என்று பொது விதி வகுக்கும் விவாத மன்றத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘கத்தரி’. பேச்சு தடம் மாறினால் வெட்டுவதுதான் அவள் வேலை. பொத்தானின் நிறத்தைப் பற்றிப் பேச வந்தவர் மாமியாரைப் பற்றிப் புலம்பினால், நறுக்! ‘சொந்தக் கதைக்கு இங்கே இடமில்லை’ என்ற விதியை எழுதியவளும் அவளே. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். விதிப்படி நடந்தால் யாரும் தன்னை ஒரு சொல் சொல்ல முடியாது என்று நம்பியவள்.

அந்த வாரம் ஒரு விவாதம் சூடு பிடித்தது. படிவத்தில் வரும் ஒவ்வொரு பட்டியலிலும் ‘இவற்றுள் எதுவுமில்லை’ என்றொரு தேர்வு இருந்தே ஆக வேண்டுமா? வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு.

முந்தின நாள் அம்மா போனை நீட்டினாள். அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்கும் அவளுக்கு, ஒரு மருத்துவமனையில் நிரந்தர வேலை கிடைக்கும்போல இருந்தது. விண்ணப்பத்தில் கல்வித் தகுதிப் பட்டியல் எட்டாம் வகுப்பிலிருந்துதான் தொடங்கியது. எதையாவது தொடாமல் அடுத்த பக்கம் திறக்காது.

“எட்டாவதுன்னு போட்டுடட்டுமாம்மா?”

“பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவ எட்டாவதாடி? நாளைக்கு சர்டிஃபிகேட் கேட்டா உன் மூஞ்சியையா காட்டுறது? தினம் அந்த ஆளுங்ககூடத்தானே மல்லுக்கட்டுற, மாத்தச் சொல்லு.”

விதி வந்தாலும் இந்தப் படிவம் நாளைக்கே மாறிவிடாது. தெரிந்தும் மன்றத்தில் எழுதினாள், ‘என் அம்மா’ என்று தொடங்கி. சற்று நேரத்தில் அவளோடு மன்றத்தைக் கவனிக்கும் தாடிக்காரர் அழைத்தார்.

“கத்தரி, உன் பதிவு மேல புகார் வந்திருக்கு. நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா சொந்தக் கதை.”

“சார், விஷயமே அதுதானே!”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. கண்ணு தெரியாத தம்பியப் பத்தி ஒருத்தர் எழுதினாரே, நீ என்ன பண்ண?”

நறுக்கியிருந்தாள். அந்த விதியை எழுதியபோது யாரை மனத்தில் வைத்திருந்தாள்? நிச்சயமாகத் தன் வீட்டாரை அல்ல. தன் பதிவைத் தானே நீக்கினாள்.

மறுநாள் வாக்கெடுப்பில், ‘தேவை நிரூபிக்கப்படவில்லை’ என்று அந்தத் தேர்வு தோற்றது. விவாதம் கடைசிவரை தடம் மாறவில்லை என்று அவளுக்குப் பாராட்டு வேறு.

“சொன்னியா? என்னடி சொன்னாங்க?”

“நான் தலைப்ப விட்டு வெளிய போயிட்டேனாம், அம்மா.”

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. போனை முந்தானையில் துடைத்து நீட்டினாள்.

“சரி, எட்டாவதுன்னே போடு.” பிறகு தயங்கிக் கேட்டாள்: “எட்டாவதுல என்னென்ன பாடம்டி இருக்கும்? கேட்டா சொல்லணுமில்ல?”