எதிர்ச் சரிவில் எழுந்த புகை

வெள்ளைக்காரன் காலத்தில் அம்மை குத்தும் வேலைக்காகக் கொல்லிமலைக்கு நடந்தே ஏறுவேன். ஒருமுறை அரியூர் நாட்டில், தனியாக வாழ்ந்த ஓர் அம்மாளின் வீட்டில் தங்க நேர்ந்தது. நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, யாருக்கும் மசியாத முகம்.

காலையில் எனக்கு நல்ல பசி. விறகும் கேழ்வரகு மாவும் எடுத்து வைத்திருந்தும் அவர் அடுப்பை மூட்டவில்லை. வாசலில் நின்று, பள்ளத்துக்கு அப்பால் பனி மூடிக் கிடந்த சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்க பொகை வரட்டுமுங்க. அது எங்கூட்டுக்காரரு ஊடு. அஞ்சு வருசமா அவிய அங்க, நான் இங்க.”

“அப்ப ஒரேயடியாத் தீத்துக்கலாமே?” என்றேன்.

“ஊர்க்கூட்டத்துல ஒரு துரும்பைக் கையில குடுத்தாங்க. அதை ரெண்டாக் கிள்ளிப் போட்டா பந்தம் முடிஞ்சுதுங்க, வேற கண்ணாலம் கட்டிக்கலாம். நான் கிள்ளலீங்க. கூரையில சொருகி வெச்சிருக்கறேன். ஒரே ஊட்டுல இருந்தா சண்டைதானுங்க. அதுக்காவ, அவிய ஒலை வெச்சாங்களான்னு பாக்கக் கூடாதுங்களா?”

வெகுநேரம் கழித்துப் பனி விலகியது. எதிர்ச் சரிவில் மெல்லிய புகை எழுந்தது. அதன் பிறகுதான் அவர் உள்ளே போய்க் குனிந்து அடுப்பை ஊதினார்.

மலை இறங்கும் வழியெல்லாம் அந்தப் புகை கண்ணிலேயே நின்றது. நாமக்கல்லில் நானும் என் மனைவியும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். சாப்பிட்டாயா என்று அவளை நான் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.