நான் அழித்த மூன்று வரிகள்

கிளிநொச்சியில் ஓர் இரும்புக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. வெளிநாட்டுக் கம்பனிகள் தங்களுக்குச் செய்ய அலுப்பான கணினி வேலைகளை எங்களுக்குத் தள்ளிவிடும். அங்கே வேலை செய்த ஆறு பேருக்கும் பொறுப்பாக என்னை வைத்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது. எனக்குக் கீழே இருந்தவர்களில் ஒருவருக்கு ஐம்பத்தாறு.

அவர் பூநகரிக்காரர். இளவயதில் கொழும்பில் ஒரு கப்பல் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் இருந்திருக்கிறார். பிறகு ஊரோடு வந்து வயல் செய்தார். கனடாவில் இருந்த எங்கள் முதலாளி அவரைத் தேடிப் பிடித்தது ஒரேயொரு வேலைக்காகத்தான். தூர தேசத்துத் தொழிற்சாலை ஒன்றில் மிகப் பழைய யுனிக்ஸ் கணினி ஒன்று இன்னமும் தராசுகள் காட்டும் நிறையைப் பதிந்துகொண்டிருந்தது. அதில் ஓடும் சி மொழி நிரல்களைக் கொஞ்சம் மாற்றி எழுத வேண்டும். நாங்கள் எழுதி அனுப்புவோம். எழுதியதை ஓடக்கூடியதாக மாற்றித்தரும் கொம்பைலர் அந்தக் கணினியிலேயே இருந்தது. அதைத் தவிர வேறு எதையும் அதில் ஏற்றத் தொழிற்சாலைக்காரர்கள் விடமாட்டார்கள்.

அவர் எழுதியதை முதன்முதலாகத் திறந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பெறுமதி முழு எண்ணா, எழுத்தா என்பதை அடைப்புக்குறிக்குள் பெயரோடு சேர்த்து எழுதத்தான் நான் படித்திருந்தேன். நான் பிறக்கும் முன்னரே சி மொழிக்குத் தரநிலை வகுத்து, அப்படி எழுதும் முறையையும் கொண்டுவந்துவிட்டார்கள். அவரோ அடைப்புக்குறிக்குள் வெறும் பெயர்களைப் போட்டுவிட்டு, அவை என்ன வகை என்பதை வெளியே அடுத்த வரியில் எழுதியிருந்தார்.

"அண்ணை, இது என்ன, மியூசியத்திலை இருந்து எடுத்தனீங்களோ?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன். பெடியள் சிரித்தார்கள்.

அவரும் கொஞ்சம் சிரித்தார். "இல்லைப் பிள்ளை, அந்த மெஷின் சரியான பழசு. அதிலை இருக்கிற கொம்பைலருக்கு..."

"அது யுனிக்ஸ் அண்ணை. சி பிறந்ததே யுனிக்ஸிலைதானே. அதுக்கு ஸ்டாண்டர்ட் சி விளங்காட்டி வேறை எதுக்கு விளங்கப்போகுது? எல்லாத்தையும் மாத்தி எழுதுங்கோ."

"அவையளை ஒருக்காக் கேட்டுப் பாப்பமே?"

"கேட்டால் எங்களுக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினைப்பினம்."

அவர் மூக்கு நுனியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு, நாற்பதுக்கு மேற்பட்ட கோப்புகளை ஒவ்வொன்றாக மாற்றினார். பூநகரிக்குப் போகும் கடைசி பஸ்ஸை அந்தக் கிழமை இரண்டு தரம் தவறவிட்டார். பரந்தன் சந்தி வரை நடந்துபோய் ஏதோ ஒரு லொறியில் ஏறிப் போனதாக அடுத்த நாள் வேறு ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேலை முடிந்ததும் கோப்புகளை நான் ஒழுங்குபடுத்தினேன். தலைப்பில் அவர் எழுதியிருந்த குறிப்புகளை வாசிக்காமலே அழித்துவிட்டுக் கம்பனியின் பெயரைப் போட்டேன். எங்களுடைய புதிய கணினிகளில் ஒரு பிழையும் காட்டவில்லை. அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாட்களில் பதில் வந்தது. அந்தப் பழைய கணினி ஒரு கோப்பைக்கூட ஏற்கவில்லை. பக்கம் பக்கமாகப் பிழைகள். முதலாளி உடனே வீடியோவில் வந்தார்.

"என்ன தங்கச்சி, எல்லாமே பிழையெண்டு எழுதியிருக்கிறாங்கள்?"

என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அது அண்ணை எழுதினது. அவர் பழைய ஆள், புது முறை அவருக்குப் பெரிசாப் பழக்கமில்லை."

சொல்லும்போது அண்ணை எனக்கு முன்னால் இருந்த கதிரையில்தான் இருந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அந்த மாத முடிவோடு அவரை நிற்பாட்டச் சொன்னார் முதலாளி. கடைசி நாளன்று அண்ணை கண்ணாடிக்கூட்டையும் தேநீர்க் கோப்பையையும் பையில் வைத்துக்கொண்டு, "வாறன் பிள்ளை" என்று என்னிடமும் சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினார்.

அவர் போன பிறகுதான், வேலையோடு அனுப்பப்பட்டிருந்த அந்தக் கணினியின் கைநூலைத் திறந்தேன். அதுவரை நான் அதைத் தொட்டதே இல்லை. கணினியோடு சேர்ந்து வந்த கொம்பைலர் பழைய சி மொழியை மட்டுமே ஏற்கும் என்று அதில் தெளிவாக இருந்தது. தரப்படுத்திய சி வேண்டுமென்றால் இன்னொரு கொம்பைலரைத் தனியாக வாங்க வேண்டும். தொழிற்சாலை அதை வாங்கியிருக்கவில்லை. அவர் முதலில் எழுதிய கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றின் தலைப்பிலும் மூன்று வரிகள் இருந்தன. இந்தக் கணினியில் உள்ள கொம்பைலர் தரநிலை முறையை ஏற்காது. எழுதியிருக்கும் முறையை மாற்ற வேண்டாம். கைநூலில் இன்ன பக்கத்தைப் பார்க்கவும்.

அன்றே அந்தப் பழைய கோப்புகளை அனுப்பினேன், அந்த மூன்று வரிகளை இரண்டாந்தரமும் அழித்துவிட்டு. எல்லாம் ஓடியது. முதலாளி "கெட்டிக்காரி" என்றார். நான் நன்றி சொன்னேன்.

நாலு மாதம் கழித்து அதே தொழிற்சாலையிலிருந்து இன்னொரு வேலை வந்தது. "அந்தப் பழைய முறை உமக்குத்தானே தெரியும், நீரே செய்யும்" என்றார் முதலாளி. மூன்று நாள் முயன்றேன். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் அவருடைய கோப்பைத் திறந்து பார்த்துத்தான் எழுதவேண்டியிருந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பூநகரிக்குப் போனேன்.

அவர் வீதியோரத்தில் நெல் காயப்போட்டுக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அவா ஒரு கதிரையைக் கொண்டுவந்து வேலியோரம் வைத்துவிட்டுத் தேநீர் போடக் குசினிக்குப் போனா. நான் இருக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கைநூலை வாசிக்காததை, குறிப்பை அழித்ததை, அவருடைய வேலையை என்னுடையதாக அனுப்பியதை.

அவர் நெல்லுக்கு நடுவில் நின்றுவிட்டார். "அப்ப அது ஓடினதோ?"

"ஓம் அண்ணை. முதல் தரமே ஓடினது."

"நாலாவது தராசு? அதிலை ஒரு இடத்திலை எனக்குச் சந்தேகம் இருந்தது."

"அதுவும் சரியா வேலை செய்யுது."

அவருடைய முகம் அப்படி விரிந்ததை நான் அலுவலகத்தில் ஒருநாளும் கண்டதில்லை. கொஞ்ச நேரத்தில் அது அடங்கியது.

"ஓடின அண்டைக்கு எனக்கு ஒரு போன் எடுத்திருக்கலாமே பிள்ளை."

வேலை போனதைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது, ஏசினால் எப்படிப் பொறுப்பது என்றெல்லாம் வழி முழுக்க நினைத்துக்கொண்டு போயிருந்தேன். இப்படிக் கேட்பார் என்று நினைக்கவே இல்லை. அவா கொண்டுவந்த தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் முதலாளியிடம் முழுவதையும் சொன்னேன். "இதை அப்பவே சொல்லியிருந்தால் என்ன?" என்றார். நெடுநேரம் ஏசினார். பிறகு அண்ணைக்குப் போன் எடுத்துப் புதிய வேலையை வீட்டிலிருந்தே செய்யக் கேட்டார். அவர் சம்மதித்தார். ஆனால் எழுதியதை நானே நேரே தொழிற்சாலைக்கு அனுப்புவேன், இடையில் யாரும் தொடக்கூடாது என்றார். அது நியாயம்தான் என்று முதலாளியிடம் நானே சொன்னேன்.

போன மாதம் பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவரைக் கண்டு ஸ்கூட்டியை நிற்பாட்டினேன். என் அம்மாவின் சுகத்தைக் கேட்டார். மழை பிந்திவிட்டது, இந்த முறை விதைப்பும் பிந்தும் என்றார். வேலைக் கதையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பஸ் வந்ததும் பின்கதவால் ஏறி, கம்பியைப் பிடித்தபடி தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.