ஓரமாக ஊற்றியவள்

விசாலாக்ஷி பெரிய விஞ்ஞானி ஒன்றும் இல்லை. ஆய்வுக் கட்டுரை வெளிவந்தால் அவள் பெயர் நடுவில் எங்கேயோ இருக்கும், நான்தான் தேடிக் கண்டுபிடித்துப் பெருமைப்பட்டுக்கொள்வேன். பொள்ளாச்சியில் பிறந்து, கோயம்புத்தூரில் படித்து, கல்யாணமாகி அமெரிக்காவுக்கு, இந்த பிஸ்கட்டவே ஊருக்கு வந்தவள். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சின்னக் கிண்ணங்களில் உயிர்ச் செல் வளர்ப்பது அவள் வேலை. எனக்குப் பக்கத்து வீடு. நான் வீட்டிலேயே டேகேர் நடத்துகிறேன். "நானும் உங்கள மாதிரிதான் பவளம் அக்கா. நேரத்துக்குச் சோறு போடணும், டயப்பர் மாத்தணும்" என்பாள். செல்களுக்கு ஊற்றும் சத்துத் தண்ணீர்தான் சோறு. அழுக்கான பழைய தண்ணீரை எடுப்பது டயப்பர்.

அவள் கணவர் திருமூர்த்திக்கு வாய் ஓயாது. என் வீட்டு கராஜ் கதவைச் சரிபண்ண வந்தவர், ஸ்க்ரூடிரைவரை நழுவவிட்டார். எடுத்தார், மறுபடியும் நழுவியது. "வயசாயிடுச்சுங்க" என்று சிரித்தார். அதுதான் ஆரம்பம். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய். கொடுமை என்னவென்றால், விசாலாக்ஷியின் ஆய்வுக்கூடம் வருஷக்கணக்காகத் துருவிக்கொண்டிருந்தது அதே நோயைத்தான். நரம்புச் செல்லுக்குள் ஒரு புரதம் தன் இடத்தை விட்டு வெளியே வந்து கட்டிகட்டியாகச் சேர்கிறதாம். அதைத் தடுக்க ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கடவுளுக்குக் கண் இருக்கிறதா என்று அன்றைக்குக் கேட்டேன், இன்றைக்கும் கேட்கிறேன்.

திருமூர்த்தி தானாக முன்வந்து கையிலிருந்து துளி தோல் கொடுத்தார். அந்தத் தோல் செல்களைக் கருவில் இருந்த நிலைக்குத் திருப்பி, அங்கிருந்து நரம்பாக வளர்த்து, அதில் மருந்தைப் போட்டுப் பார்ப்பார்களாம். மாதக்கணக்கில் ஆகும். கிண்ணத்துக்கு எண் மட்டும்தான், பெயர் கிடையாது. வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று பாஸ் சொன்னபோது விசாலாக்ஷி கேட்கவில்லை. கடைசியில் எத்தனை பிழைத்தன என்று எண்ணுவதை வேறு யாராவது செய்யட்டும், சோறு நான்தான் போடுவேன் என்றுவிட்டாள். நரம்புச் செல்லுக்கு ரோஷம் ஜாஸ்தி. நேராக ஊற்றினால் பிய்த்துக்கொண்டு மிதந்துவிடும். கிண்ணத்தின் சுவரோரமாக, சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும்.

வீட்டிலும் அதே கைதான். திருமூர்த்திக்கு விழுங்குவது கஷ்டமானபோது, புரையேறாமல் கன்னத்து ஓரமாகக் கஞ்சியை இறக்குவாள். பேச்சு நின்ற பிறகு, கண்ணால் எழுத்தைப் பார்த்தால் பேசுகிற கம்ப்யூட்டர் வந்தது. ஒருநாள் அது கேட்டது: "டப்பாவுல இருக்கிற திருமூர்த்தி நல்லா சாப்பிடுறானா?" விசாலாக்ஷி சிரித்தாள். கொஞ்சம் கழித்து மறுபடியும் பேசியது. "எனக்கு என்ன ஆனாலும் நடுவுல விட்டுடாத." நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் சமையலறைக்குப் போய் அழுதேன்.

தை மாதப் பனியில் அவர் போய்விட்டார். தகனம் முடிந்த மறுநாள் காலை விசாலாக்ஷி கோட்டை மாட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கவில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஈரோட்டிலிருந்து வந்து தங்கியிருந்த நாத்தனார் மரகதம் வாசலை மறித்து நின்றார்.

"எங்க கிளம்பிட்ட?"

"லேபுக்கு அண்ணி. சீக்கிரம் வந்துடுவேன்."

"கருமாதி முடியற வரைக்கும் வாசல் தாண்டக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு? வேலையாம் வேலை! ஊர் என்ன பேசும்?"

காபி கொண்டுபோயிருந்த எனக்குச் சுர்ரென்று ஏறியது. பிஸ்கட்டவேயில் எந்த ஊர் பேசப்போகிறது, பனி வாருகிற வண்டிக்காரனா? விசாலாக்ஷி பூட்ஸுக்குள் காலை நுழைத்தாள். அந்தக் கிண்ணத்தில் வளர்வது யாருடையது என்று நாத்தனாரிடம் அவள் சொல்லியிருக்கவேயில்லை. எனக்குத்தான் வாயில் எதுவும் நிற்காதே.

"அவ வேலைக்குப் போகலைங்க. உங்க தம்பிக்குச் சோறு போடப் போறா!"

மரகதம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவரைச் சோபாவில் உட்காரவைத்து, தோல், நரம்பு, கிண்ணம் என்று தப்பும் தவறுமாக நான் அறிந்த மட்டும் சொன்னேன். மரகதம் விசாலாக்ஷி பக்கம் திரும்பினார்.

"இன்னும் உசுரோட இருக்குதா அது?"

"இருக்கு அண்ணி. இன்னிக்குப் போடலைன்னா வாடிடும்."

மரகதம் எழுந்துபோய் விசாலாக்ஷியின் ஸ்கார்ஃபை எடுத்து வந்து, தன் கையாலேயே கழுத்தில் சுற்றிவிட்டார். சண்டைக்குத் தயாராக நின்ற நான் வண்டிச் சாவியை எடுத்தேன்.

அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், டேகேர் பிள்ளைகள் வருவதற்கு முன், நான் டிரைவ் பண்ணிக் கூட்டிப்போனேன். ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவள் கை நடுங்கியது. கிண்ணத்துக்கு முன்னால் மட்டும் நடுங்கவில்லையாம். திரும்பி வந்ததும் மரகதம் கேட்பார், "நல்லா இருக்கானா?" "நல்லா இருக்கார் அண்ணி." மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்றே இதைப் பேசிக்கொள்வார்கள்.

கருமாதி முடிந்த வாரத்தில் சோதனையும் முடிகிற நாள் வந்தது. பாஸிடம் கேட்டு மரகதத்தையும் என்னையும் உள்ளே அழைத்துப்போனாள். மைக்ராஸ்கோப் திரையில் காட்டினாள். மெல்லிய இழைகள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. மரகதம் விரலால் திரையைத் தடவினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இப்ப என்ன பண்ணப் போற?"

"மருந்து போட்டது, போடாதது, ரெண்டுலயும் ஃபார்மலின் ஊத்தணும் அண்ணி. அப்படியே நின்னுடும். அப்புறம் சாயம் போட்டு, எத்தனை பிழைச்சிருந்ததுன்னு எண்ணுவாங்க."

"நின்னுடும்னா?"

"செத்துடும்."

மரகதம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணை விட்டுடு விசாலம். உனக்குப் புண்ணியமாப் போகட்டும். ஒருதடவை அவன எரிச்சாச்சு, போதும்."

கணக்கில் சேராத கிண்ணம் ஒன்று ஓரத்தில் இருந்ததாம். அதை விட்டுவைத்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். விசாலாக்ஷி அதன் மூடிமேல் விரலை வைத்தபடி நின்றாள். விடுவாள் என்றுதான் நினைத்தேன். விட்டுவிடேன் தாயே என்று மனசுக்குள் நானும் கெஞ்சினேன்.

"விட்டா நாளன்னைக்கும் வரணும் அண்ணி. அதுக்கப்புறமும் வரணும். அவர் போயிட்டார்னு நான் எப்பத்தான் நம்பறது?" என்றாள். "நடுவுல விட்டுடாதன்னாரு. முடிச்சுடறேன்."

எல்லாவற்றிலும் ஊற்றினாள். அதையும் சுவரோரமாக, சொட்டுச் சொட்டாகத்தான் ஊற்றினாள். மரகதம் சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பி நின்றார்.

மருந்து போட்ட கிண்ணங்களில் கூடுதலாகப் பிழைத்திருந்தன என்று பிறகு தெரிந்தது. மனிதர்களுக்கு வந்து சேர இன்னும் பல வருஷம் ஆகுமாம், வராமலும் போகலாமாம். வந்தால், எந்த வீட்டுக்கு வருகிறதோ அவர்கள் நன்றாக இருக்கட்டும். எனக்கு அதில் சந்தோஷப்பட முடியாமல் வயிறு எரிந்தது, பொய் சொல்லவில்லை.

ஊற்றி ஒருநாள் விட்டு மறுநாள், வழக்கமாகச் சோறு போடப் போகிற காலை நேரத்துக்கு, என் வீட்டுக் காலிங்பெல் அடித்தது. திறந்தால் விசாலாக்ஷி. கோட், பூட்ஸ், மரகதம் சுற்றிவிட்ட ஸ்கார்ஃப்.

"போலாமா அக்கா?"

நானும் ஒரு மடச்சி. பழக்க தோஷத்தில் சாவியை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போய் வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். அவள் ஏறவில்லை. திறந்த கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னிக்கு யாருக்கும் சோறு போட வேண்டாம்ல அக்கா?"

அப்போதுதான் அழுதாள். வாசல் டிரைவ்வேயில், பனியிலேயே உட்கார்ந்து, "ஐயோ, அவர் இல்லையே அக்கா" என்று வாய்விட்டு அழுதாள். நான் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.